தூளி ஆட்டின சேர்மன்

ஒரு ஊர்ல, பிள்ளைங்களே வராத ஒரு பள்ளிக்கூடம் இருந்துச்சாம். பாட்டன் காலத்துக் கட்டடம், தேக்கு உத்தரம். கண்ணை மூடிக்கிட்டு 'ம்' சொல்லு.

அந்த ஊர் சேர்மன் ஞானதிரவியம். அதே பள்ளிக்கூடத்துல அஞ்சாப்பை மூணு தடவை படிச்ச மேதாவி! அவரு, "வகுப்பையெல்லாம் வீடாக்கி, வாய்க்கா ஓரத்துக் குடிசை சனங்களுக்குக் குறைஞ்ச வாடகைக்குக் குடுக்கப்போறேன்"னாரு. நல்ல காரியந்தான். ஆனா கூடவே ஒரு சட்டம் போட்டாரு பாரு! "இது பழம்பெருமைக் கட்டடம். உத்தரத்துல எவனாவது கயிறு கட்டினா வீடு கிடையாது!"

அந்தக் குடிசை சனத்துல ஒருத்தி கைப்பிள்ளைக்காரி பேச்சி. அவ பிள்ளை தூளியில போட்டாத்தான் தூங்கும். இல்லேன்னா 'வீல் வீல்'னு ஊரைக் கூட்டிரும். அது தூங்கினாத்தான் அவ பீடி சுத்த முடியும், அடுப்பு எரியும். குடிசையிலயே இருந்தா மழைக்கு வாய்க்காத் தண்ணி உள்ள வந்துரும்.

முதல்ல இஞ்சினியர்கிட்டப் போனா. "கட்டில் வாங்கிப் போடும்மா"ன்னாரு. கட்டில்ல அவரு தூங்குவாரு, பிள்ளை தூங்குமா? அப்புறம் கவுன்சிலர்கிட்டப் போனா. "அழாம இருக்கப் பழக்கு"ன்னாரு. அவரு பொறந்ததும் சிரிச்சிருப்பாரு போல! அப்புறம் சேர்மன்கிட்டப் போனா. "வீடு குடுத்தா ஊஞ்சலும் கேக்குதோ?"ன்னு சிரிச்சாரு. த்தூ, பெரிய மனுசன்! ம் சொல்றியா?

திறப்பு விழா வந்துச்சு. பந்தல், மைக்கு, மாலை. பேச்சு முடிஞ்சாத்தான் சாவி. சேர்மன் பேசுறாரு, பேசுறாரு, நிறுத்துற வழியைக் காணோம். பிள்ளை சிணுங்குச்சு. பேச்சி சுத்துமுத்தும் பாத்தா. தாழ்வாரத்துல பழைய பள்ளிக்கூட மணி தொங்குற கொக்கி இருந்துச்சு. அதுல சேலையைக் கட்டிப் பிள்ளையைப் போட்டு ஆட்டினா.

டங்... டங்... டங் டங் டங்!

பந்தல்ல இருந்தவங்க அத்தனை பேரும் அங்க படிச்சவங்க. பள்ளிக்கூடம் விடுற லாங் பெல் அடிச்சா வீட்டுக்கு ஓடித்தான் பழக்கம். தடதடன்னு எந்திரிச்சு ஓடிட்டாங்க. சேர்மனுக்கே ஒரு கால் மேடையை விட்டு இறங்கிருச்சு!

அப்புறம் சுதாரிச்சு, "அவிழுடி அதை!"ன்னு குதிச்சாரு.

"உத்தரத்துலதானே கட்டக் கூடாதுன்னீங்க அண்ணாச்சி?"

அவரே ஓடி வந்து அவிழ்த்தாரு. 'வீல்!' பதறிப் போய்த் திரும்பக் கட்டினாரு. கப்சிப். ஓடினவங்க வாசல்ல நின்னு வேடிக்கை பாக்குறாங்க, பேச்சை முடிக்கணுமே! ஒரு கையால மணியைப் பிடிச்சுக்கிட்டு, ஒரு கையால தூளியை ஆட்டிக்கிட்டு, குசுகுசுன்னு மிச்சத்தைப் பேசினாரு.

அப்போ வாய்க்கா ஓரத்துப் பொம்பளைங்க, ஆளுக்கொரு பிள்ளையோட வரிசையா வந்து நின்னாங்க. "நல்லா ஆட்டுறீங்க அண்ணாச்சி, இதையும் கொஞ்சம் தூங்க வைங்க!"

சேர்மன் முகம் வெளிறிருச்சு. "வீட்டுக்கு வீடு கொக்கி மாட்டுங்கடா!"ன்னு அலறிட்டு, முதல் சாவியைப் பேச்சி கையில திணிச்சாரு.

பேச்சி பிள்ளை தூங்கிருச்சு, சேர்மன் வாயும் மூடிருச்சு. கதையும் அம்புட்டுத்தான், நீயும் கண்ணை மூடு.