ஆறு முழு மின்னல்கள்

கேமராவையும் விற்றுவிட்டு, அதற்கான பஞ்சாயத்திலும் நானே போய் உட்கார்ந்த கதை இது. சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. இந்தத் தடவை விடையை நீங்கள் சொல்லுங்கள்.

கொக்கூரணி கிராமத்தில் தீபாவளிக்குக்கூட வெடி கிடையாது. கண்மாய்க் கருவேல மரங்களில் நாரைகள் குஞ்சு பொரிக்கும் காலம் அது. இடி அவற்றுக்குப் பழக்கம். மனிதன் போடும் சின்னச் சத்தத்துக்குத்தான் அலறிப் பறக்கும். குஞ்சு கூட்டிலிருந்து விழும். அதனால் கண்மாய்க் கரையில், ஒளிந்திருந்து பறவைகளைப் படமெடுக்கக் கட்டிய மறைப்புக் குடிசை வருஷத்துக்கு ஒரே ஒரு படக்காரருக்குத்தான்.

இந்த வருஷம் அதற்கு இரண்டு பேர் மோதினார்கள்: சேவுகன், தனபாலன். இரண்டு பேர் கையிலும் நான் விற்ற ஒரே ரகக் கேமரா. விற்கும்போதே தொண்டை வறளச் சொன்னேன்: "இதுல ஷட்டர் ரெண்டு. ஒண்ணு படக்குன்னு சத்தத்தோட முழுசாத் திறக்கும். எலக்ட்ரானிக் ஷட்டர் மூச்சே விடாது. ஆனா காட்சியை மேலேருந்து கீழே வரிவரியாத்தான் வாசிக்கும்." கேட்டால்தானே! இரண்டு பேருக்கும் காது பேரத்தில்தான் இருந்தது.

ஊர்த்தலைவி பூமயில் பந்தயம் வைத்தார். ஆளுக்கு ஒரு நாள். கண்மாய் மேல் விழும் மின்னலை எடுத்து வரவேண்டும். கேமராவிலிருந்து ஒரு சத்தமும் வரக்கூடாது என்று அய்யனார் முன்னால் சத்தியமும் வாங்கினார்.

செவ்வாய் மாலை நாலு மணிக்குச் சேவுகன். புதன் அதே நேரம் தனபாலன். பகல் வெளிச்சத்தில் ஷட்டரைத் திறந்தே வைத்துக் காத்திருக்க முடியாது. நொடிக்குப் பத்துப் படமாக அடித்துத் தள்ளினால் ஏதாவது ஒன்றில் மின்னல் சிக்கும்.

சேவுகன் கொண்டுவந்த ஆறு படத்திலும் மின்னல் அரைகுறை. ஒன்றில் மேல்பாதி வெளுப்பு, கீழே இருட்டு. இன்னொன்றில் நடுவில் ஒரு பட்டை, அவ்வளவுதான். தனபாலனின் ஆறிலும் வானத்திலிருந்து தண்ணீர்வரை வேர்விட்ட முழு மின்னல்.

போதாததற்கு, செவ்வாய்க்கிழமை மரத்தடியில் ஒரு குஞ்சு செத்துக் கிடந்தது. அன்று காற்றும் பேய்க்காற்று.

"சத்தியத்தையும் மீறிட்டு, படத்தையும் கெடுத்துட்டு வந்து நிக்கிறான் பாருங்க!" என்றான் தனபாலன்.

"பட்டனை அமுக்குனது எனக்கே கேக்கலண்ணே. நாரைக்கா கேட்டுச்சு?" என்றான் சேவுகன்.

பூமயில் என் பக்கம் திரும்பினார். "வித்தது நீங்க. நீங்களே சொல்லுங்கண்ணே."

சத்தியத்தை மீறியவன் யார்? குடிசை யாருக்குச் சேர வேண்டும்?

விடை: மீறியவன் தனபாலன். மின்னல் கண்சிமிட்டும் நேரம்கூட நிற்பதில்லை. சத்தமில்லாத ஷட்டர் வரிவரியாக வாசித்து முடிப்பதற்குள் அது போய்விடும். அந்த நேரம் வாசித்த வரிகளில் மட்டும் வெளிச்சம் தங்கும். ஒரு படம் முழுசாக வந்திருந்தால் அதிர்ஷ்டம் என்று விட்டிருப்பேன். ஆறுமா? சத்தம் போடும் ஷட்டரில் படபடவென்று அடித்திருக்கிறான் பாவி. செவ்வாய்க்கிழமை குஞ்சைத் தள்ளியது காற்று; புதன்கிழமை நாரைகள் அலறிப் பறந்ததை இடி முழக்கத்தில் யார் கவனித்தார்கள்? குடிசை சேவுகனுக்குப் போனது. ஊர் முகப்பில் இப்போது அவனுடைய வெட்டுப்பட்ட மின்னல்தான் தொங்குகிறது. பார்க்கிறவனெல்லாம், "இந்த ஓட்டைக் கேமராவை வித்தது எவன்?" என்று கேட்டுவிட்டுப் போகிறான்.