குடைக்குள்ளே நின்ன வேலம்பாசி

கை பாட்டுக்கு முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருக்கு. வாய் சும்மாதானே இருக்கு, ஒரு கதை சொல்றேன்.

கொற்றவேல் ராஜான்னு ஒருத்தர். அவர் தோட்டத்துல பெரிய கண்ணாடித் தொட்டி. அதுக்குள்ள வேலம்பாசிங்கிற தண்ணிச் செடி. வெயில் பட்டாப் போதும், இலையில இருந்து சின்னச் சின்னக் குமிழி, முத்துக் கோத்த மாதிரி மேல ஏறும். தொட்டியைப் பார்த்துக்கிறவ செவந்தி. இடுப்புல பால்குடிப் பிள்ளை. அந்த வேலை போனா அவளுக்கு வேற கதி இல்ல.

ஊரே பேசுதேன்னு ராஜா பார்க்க வந்தார். வந்து நின்ன கொஞ்ச நேரத்துல குமிழி நின்னுபோச்சு. மறுநாளும் அப்படித்தான். அவர் அந்தப் பக்கம் போனதும் பாசி பழையபடி முத்து விடும்.

மந்திரி வச்சிரமுடியாருக்கு அந்த வேலையை மச்சானுக்கு வாங்கித் தரணும்னு ஆசை.

“தண்ணியில இவ ஏதோ மருந்து கலக்குறா மகாராஜா. உங்களை அவமானப்படுத்தத்தான்.”

“சாமி சத்தியமா இல்லீங்க!” செவந்தி அழுதா.

“நாளைக்கு என் கண்ணு முன்னால குமிழி வரணும்,” னார் ராஜா. “வரலைன்னா பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஊரை விட்டுப் போயிடு.”

அவ ஓடினது சபையில வாய்க்குப் பேர்போன உடையப்பன்கிட்ட. “நீ பிள்ளைக்குப் பாலைக் குடும்மா. நான் வரேன்,” னார் அவர்.

மறுநாள் ராஜா வந்தார். தலைக்கு மேல வெண்குடை, கட்டில் அகலம். குடை ராஜாவை விட்டு விலகினா ராஜ்யமே விலகின மாதிரின்னு அந்த ஊர் வழக்கம். அதனால குடையை நகர்த்தச் சொல்ல யாருக்கும் வாய் வராது. மந்திரியும் வெயிலுக்கு அதுலயே ஒதுங்கி நிப்பார். தொட்டிக்கும் அதே நிழல்தான். குமிழி நின்னுச்சு.

“குடை அங்கேயே இருக்கட்டும்,” னார் உடையப்பன். “தொட்டியைக் கொஞ்சம் இழுக்கலாமுங்களா?”

கொஞ்சம் இழுத்தாங்க. ஓரத்துல வெயில் பட்டுச்சு. ஒரு குமிழி, யோசிச்சு யோசிச்சு இன்னொரு குமிழி. பாதித் தொட்டி வெயிலுக்கு வந்துச்சு. குமிழி விறுவிறுன்னு ஏறுச்சு. முழுசா இழுத்தாங்க. முத்துச்சரமா கொட்டுச்சு. திரும்ப நிழலுக்குள்ள தள்ளினாங்க. கொஞ்ச நேரத்துல அடங்கிப்போச்சு.

“மருந்தெல்லாம் இல்லீங்க. வெளிச்சம் எம்புட்டோ, குமிழி அம்புட்டு.”

மந்திரி குதிச்சார். “அப்போ ராஜாவோட குடை நிழல் ஆகாதுங்கிறியா? இது ராஜதுரோகம்!”

ராஜா முகமும் மாறிப்போச்சு. “ஏன்யா, என் நிழல்ல என்ன குறை?”

உடையப்பன் கும்பிட்டார். “ஒரு குறையும் இல்லீங்க. ரொம்ப சுகமான நிழல். அதுல வந்து நிக்கிற யாருக்கும் வேலை செய்யத் தோணாது. பாசி கொஞ்ச நேரம் நின்னதுக்கே கோவிச்சுக்கிறீங்க. மந்திரி இருபது வருஷமா நிக்கிறார்.”

ராஜா சிரிச்ச சிரிப்புல குடை ஆடுச்சு. செவந்திக்கு வேலையும் நிலைச்சுது, ஒரு கறவை மாடும் கிடைச்சுது. உடையப்பனுக்குப் பட்டுச் சால்வை.

“மந்திரி, நீரும் கொஞ்சம் வெளியே வந்து நில்லும்,” னார் ராஜா.

உச்சி வெயில். அதிக நேரம் ஆகல. மந்திரியோட வழுக்கைத் தலையில முத்து முத்தா… இதோ வந்துட்டேன் அத்தை! பிள்ளை முழிச்சிட்டானா?