புளியங்கட்டையும் கரடியின் கோடாரியும்

"கிழக்கு மலை கறுத்தா சாயங்காலத்துக்குள்ள மழை… இல்ல, விடியறதுக்குள்ளயா? காட்டெருமைப் பெரியவர் என்னவோ சொன்னாரே!" என்று கரடி தலையைச் சொறிந்துகொண்டது.

கிழக்கு மலை கறுத்துவிட்டது. அது மட்டும் உறுதி.

அந்தக் காட்டில் ஐப்பசி மழை பிடித்தால் ஏழெட்டு நாள் விடாது. அதனால் பாறைக்குகையில் பொது நெருப்பு ஒன்று எரியும். குட்டியுள்ள விலங்குகளெல்லாம் அதைச் சுற்றி ஒண்டிக்கொள்ளும். விறகு பிளக்கும் வேலை மட்டும் முறை வைத்து நடக்கும். இந்த வருஷம் கரடியின் முறை.

குகை வாசலில் எட்டுப் புளியங்கட்டைகள் இருந்தன. கோடையிலேயே உருளை உருளையாக அறுத்துக் காயவைத்தவை. முழுக்கட்டையில் தீ ஏறாது. பிளந்தால்தான் எரியும்.

சருகுமான் தன் குட்டியை முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. குட்டி பிறந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ஒரு முயல் அளவுகூட இல்லை.

"கரடியண்ணே, போன மழையில ஒண்ணைப் பறிகொடுத்துட்டேன். இதுக்காவது சூடு வேணும்," என்றது.

"நீ உள்ள போய் உக்காரு தங்கச்சி. மழை வர்றதுக்குள்ள எட்டுக் கட்டையும் விறகாயிடும்."

சொல்லிவிட்டுக் கரடி ஓடையைத் தாண்டி ஓடியது. ஓடைக்கு அக்கரையில்தான் அழுங்கின் கொல்லுப்பட்டறை. உடம்பெல்லாம் செதில் போர்த்திய எறும்புத்தின்னியான அழுங்குக்கு உலைப்பொறி பட்டாலும் சுடாது. யார் வந்தாலும் அது முதலில் கேட்பது ஒரே கேள்விதான்.

"என்ன மரம்?"

"மரம்னா மரம்தான் அக்கா. இருக்கிறதிலேயே கூரானதை எடு."

"என்ன மரம்னு கேட்டேன்."

"மழை வருதுக்கா! உக்காந்து கதை பேச நேரமில்ல."

அழுங்கு இரண்டு சாமான்களை எடுத்துப் போட்டது. ஒன்று, மெல்லிய வாயுள்ள கோடாரி. வெயில் பட்டுப் பளீரென்றது. இன்னொன்று, தடித்த இரும்பு ஆப்பும் அதை அடித்து இறக்க ஒரு சம்மட்டியும். ஆப்பின் தலை அடிபட்டு அடிபட்டு நசுங்கியிருந்தது.

மேலே கிளையில் தொங்கிய மந்தி சிரித்தது. "அண்ணே, அந்த ஆப்பை எடுத்துட்டுப் போனீங்கன்னா, ஆத்துல கல்லு பொறுக்கிட்டு வர்றீங்கன்னுதான் நினைப்பாங்க."

கரடி கோடாரியைத் தூக்கியது. நெஞ்சிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி அதன் வாயில் வைத்து ஊதியது. முடி இரண்டாகப் பறந்தது.

"பாத்தியா அக்கா? இதுக்கு முன்னாடி மரம் எம்மாத்திரம்?"

"முடி உன்னை எதிர்த்து நிக்காது தம்பி," என்றது அழுங்கு. அதைக் கேட்கக் கரடி அங்கே இல்லை.

குகை வாசலில் கரடி மூச்சை இழுத்துப் பிடித்து ஓங்கி ஒரு போடு போட்டது. கோடாரி நாலு விரல்கடை இறங்கியது. அவ்வளவுதான். கட்டை பிளக்கவில்லை. கோடாரியைக் கவ்விக்கொண்டது.

கரடி கட்டை மேல் காலை வைத்து இழுத்தது. வரவில்லை. தூக்கிப் பார்த்தது. கோடாரியோடு கட்டையும் சேர்ந்து மேலே வந்தது.

"பிளக்கச் சொன்னா ஊஞ்சல் ஆட்டுறீங்களே அண்ணே!" மந்தி வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்திருந்தது.

கரடிக்கு ரோஷம் வந்தது. பலம் முழுவதையும் கூட்டி ஒரு திருகு திருகியது. மடக்கென்று காம்பு முறிந்தது. கரடி மல்லாந்து விழுந்தது. அதன் மூக்கின் மேல் முதல் துளி மழை விழுந்தது.

கட்டை சரியில்லை என்று சொல்லிவிடலாமா? படுத்தபடியே கரடி யோசித்தது. குகைக்குள்ளிருந்து குட்டியின் முனகல் கேட்டது. கரடி எழுந்து முறிந்த காம்போடு ஓடையை நோக்கி ஓடியது.

"அக்கா, புளி! காஞ்ச புளி. கணு நிறைய இருக்கு," என்றது மூச்சிரைக்க.

அழுங்கு ஆப்பையும் சம்மட்டியையும் நகர்த்தி வைத்தது. "கட்டையோட தலையில வெடிப்பு ஓடியிருக்கா?"

"பாக்கலையே."

"பாரு. காயும்போது மரம் தானா விட்டுக் குடுத்த இடம் அது. அங்க ஆப்பை வை. கணுப் பக்கம் போகாதே."

"இதுல கூரே இல்லையேக்கா?"

"கூர் அறுக்கும். கட்டையைப் பிரிக்கத் தடிப்புதான் வேணும். ஓடு, ஓடு!"

கரடி ஓடியது. ஒரு கட்டையை நிமிர்த்தி அதன் தலையைத் தடவிப் பார்த்தது. நடுவிலிருந்து விளிம்பு வரை முடி மாதிரி ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அதில் ஆப்பை ஊன்றி மெல்ல இரண்டு தட்டு தட்டியது. ஆப்பு நின்றது. பிறகு சம்மட்டியைச் சுழற்றி ஓங்கி அடித்தது.

சடசடவென்று கட்டை இரண்டாக விழுந்தது!

மந்தி கிளையிலிருந்து குதித்தது. "இன்னொண்ணு போடுங்கண்ணே!" என்றது. பிறகு யாரும் சொல்லாமலே விறகை அள்ளிக் குகைக்குள் கொண்டுபோய்ப் போட ஆரம்பித்தது. தூறல் வலுத்தது. மூன்று, நான்கு, ஐந்து. கோடாரியைக் கவ்வியிருந்த கட்டையும் பிளந்தது; அலகு தானாகவே கழன்று விழுந்தது. எட்டாவது கட்டையின் கடைசித் துண்டை மந்தி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடியபோது, வானம் பொத்துக்கொண்டது போல் மழை கொட்டியது.

குகைக்குள் தீ பற்றியது. சருகுமான் குட்டி நடுக்கம் நின்று, காலை நீட்டிப் படுத்துத் தூங்கியது. "நீங்களும் கிட்ட வாங்கண்ணே, நனைஞ்சிருக்கீங்க," என்று தாய் இடம் விட்டது.

மழை ஓய்ந்த பிறகு கரடி கழன்று விழுந்த அலகையும் ஆப்பையும் சம்மட்டியையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனது. அழுங்கு அலகுக்குப் புதுக் காம்பு போட்டுக் கோடாரியை நீட்டியது.

"இது எதுக்கு ஆகும்?" என்று கரடி கேட்டது.

"பச்சைக் கிளை கழிக்க."

கரடி கோடாரியை அங்கேயே வைத்துவிட்டு, ஆப்பையும் சம்மட்டியையும் தோளில் போட்டுக்கொண்டு திரும்பியது.

கருவி எவ்வளவு கூர் என்று பார்ப்பதற்கு முன், அது எந்த வேலைக்கு என்று பார்க்க வேண்டும்.