எட்டு விசிறிக்கு ஒரு சாவி

"டீச்சர், ஒரு பண்ணைக்கு எத்தனை பெரிய ஜெனரேட்டர் வேணும்னு எப்படித்தானுங்க கண்டுபிடிக்கறது?"

கேட்டவர் குழந்தைவேலு. ஐம்பத்தொரு வயது. இருபது வருடம் ஜெனரேட்டர் விற்றவர். விற்கத் தெரிந்த தனக்கு, எது எங்கே பொருந்தும் என்று சொல்லத் தெரியவில்லையே என ஒருநாள் உறைத்ததும், வேலையை விட்டுவிட்டுத் தமயந்தியிடம் வந்து சேர்ந்தார். பண்ணைகளுக்கு மின்சாரத் திட்டம் போட்டுத் தருபவள் அவள். முப்பத்து மூன்று வயது. அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை அண்ணா என்பாள். இருவருக்கும் அதில் சங்கடம் இல்லை. பார்ப்பவர்களுக்குத்தான் இருந்தது.

"சென்னியப்பன் கோழிப்பண்ணைக்குப் போறோமுங்கண்ணா. அங்க வந்து கேளுங்க" என்றாள் தமயந்தி.

அந்தப் பண்ணையில் பத்தாயிரம் கோழி வளரும் மூடிய கொட்டகை ஒன்று இருந்தது. சுவருக்குப் பதில் படுதா. காற்று வருவது எட்டுப் பெரிய விசிறிகளால் மட்டும். பத்து நாளைக்கு முன் ஒரு நண்பகலில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் ஓடவில்லை. நாலாயிரம் கோழி மூச்சு முட்டிச் செத்தது.

நாலாயிரம் செத்தால் யாராவது ஒருவர் குற்றவாளியாக வேண்டும் அல்லவா? பக்கத்தில் நின்றவள் மாராத்தாள். கொட்டகையைப் பார்த்துக்கொள்பவள். ஜெனரேட்டரை அவள் ஓட்டவே இல்லை என்றார் பண்ணைக்காரர் சென்னியப்பன். அரிவாளால் படுதாவைக் கிழித்தது இரண்டாவது குற்றம். அவள் கிழித்த பக்கம் நின்ற ஆறாயிரம் கோழி பிழைத்துக்கொண்டதை யாரும் பேசவில்லை. செத்ததை எல்லாம் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தவளும் அவள்தான். வெள்ளிக்கிழமைக்குள் வேலையையும் இருக்கிற அறையையும் விட்டுவிட வேண்டும் என்று சொல்லியாயிற்று. தமயந்தியும் குழந்தைவேலுவும் போய் இறங்கிய அன்று புதன்.

"ஓட்டினேனுங்க. மூணு தடவை ஓட்டினேன். உறுமுச்சு, முக்குச்சு, நின்னு போச்சு" என்றாள் மாராத்தாள்.

"உறுமுச்சாம்! எங்கிட்டயே கதை சொல்றா பாருங்க" என்றார் சென்னியப்பன்.

குழந்தைவேலு கணக்குப் போட்டார். எட்டு விசிறி, ஒரு தண்ணீர் மோட்டார், விளக்குகள். எல்லாம் சேர்ந்து பதின்மூன்று கிலோவாட். ஜெனரேட்டர் தாங்குவது இருபது.

"ஏழு மிச்சமிருக்குங்க, டீச்சர். நிக்கறதுக்கு வழியே இல்ல. அந்தம்மா பொய்தான் சொல்லுது."

மாராத்தாள் தலையைக் குனியவில்லை. அவரையே பார்த்தாள்.

தமயந்தி வேப்பமரத்தடியைக் காட்டினாள். பண்ணைக்காரரின் பசு ஒன்று அங்கே படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"அந்த மாட்டுக்கு எத்தனை அடி இடம் வேணுமுங்கண்ணா? அளந்து சொல்லுங்க."

"ஜெனரேட்டர் பார்க்க வந்துட்டு மாட்டை அளக்கறதாக்கும்?" என்று சிரித்தார் சென்னியப்பன்.

குழந்தைவேலு டேப்பை இழுத்தார். "ஏழடி. தாராளமாப் போதும்" என்றார், மாட்டின் முகத்துக்கு நேராகக் குந்தியபடியே.

"எழுப்புங்கக்கா."

மாராத்தாள் நாக்கைச் சொடுக்கினாள். பசு முன்னங்காலை மடித்து முட்டி போட்டது. தலையை முன்னால் வீசி எறிந்து பின்பக்கத்தைத் தூக்கியது. டேப் ஒரு பக்கம் போனது, குழந்தைவேலு ஒரு பக்கம் மல்லாந்தார். பசு எழுந்து, ஒன்றும் நடக்காததுபோல் வாலை ஆட்டியது.

"இப்ப எத்தனை அடி?"

"ஏழுதானுங்க."

"எந்திரிக்கறப்ப?"

அவர் மண்ணைத் தட்டிக்கொண்டே பார்த்தார். "பத்து இருக்கும்."

"எட்டு மாடு ஒரே நேரத்துல எந்திரிச்சா?"

அவர் கொட்டகைப் பக்கம் திரும்பினார். விசிறிகளை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு, தனக்கே சொல்வதுபோலச் சொன்னார்: "நின்ன விசிறி சுத்த ஆரம்பிக்கறப்ப அஞ்சாறு மடங்கு இழுக்கும். நான் ஓடற விசிறிக்குக் கணக்குப் போட்டுட்டேன்."

"போன வருசம் வரைக்கும் நாலு விசிறிதானுங்க. அப்பல்லாம் தம் கட்டி ஓடீரும். தை மாசம் இன்னும் நாலு மாட்டினாங்க" என்றாள் மாராத்தாள்.

குழந்தைவேலு விடவில்லை. "சரி, அப்பவாவது விசிறியெல்லாம் அணைச்சுட்டு ஒவ்வொண்ணாப் போட்டிருக்கலாமில்லம்மா?"

மாராத்தாள் அவரை ஜெனரேட்டர் அறைச் சுவரோரம் கூட்டிப்போனாள். சுவிட்சுகள் எல்லாம் ஓர் இரும்புப் பெட்டிக்குள். பெட்டியில் பூட்டு.

"எதக்கொண்டுங்க அணைக்கறது?"

சென்னியப்பனின் குரல் உயர்ந்தது. "கண்டவங்க கைய வெச்சு எதையாச்சும் அணைச்சுட்டா? அதுக்குத்தான் பூட்டு. சாவி எப்பவும் எங்கிட்டத்தான்."

"அன்னைக்கு எங்கீங்க இருந்தீங்க?" என்று கேட்டாள் தமயந்தி.

"காங்கேயத்துல, கல்யாணத்துல."

"ஆறு தடவை போன் பண்ணினேன் பண்ணாடி. பந்தியில இருக்கறேன், அப்புறம் பேசுன்னீங்க" என்றாள் மாராத்தாள் முதலாளியைப் பார்த்து. அவள் குரல் உயரவில்லை.

தமயந்தி கையை நீட்டினாள். சென்னியப்பன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். தமயந்தி அதை வாங்கி அப்படியே மாராத்தாளிடம் கொடுத்தாள். பிறகு மெயினை அணைத்தாள்.

விசிறிகள் நின்றன. ஆறாயிரம் கோழியின் சத்தமும் மெல்ல அடங்கியது. அந்த அமைதியைச் சென்னியப்பன் அதுவரை கேட்டதே இல்லை. நெற்றியைத் துடைத்தார்.

மாராத்தாள் பெட்டியைத் திறந்து எட்டையும் அணைத்தாள். தண்ணீர் மோட்டாரையும். ஜெனரேட்டரை ஓட்டினாள். முதல் விசிறியைப் போட்டாள். உதடு அசையப் பத்து வரை எண்ணினாள். இரண்டாவது. மறுபடி பத்து. ஐந்தாவதில் ஜெனரேட்டர் சற்றே கம்மியது, பிறகு நிமிர்ந்தது. எட்டாவதும் சுற்றிய பிறகு மோட்டாரைப் போட்டாள். கொட்டகைக்குள் கோழிகள் மறுபடி பேசத் தொடங்கின.

குழந்தைவேலு அவளிடம் போய், "தப்பாச் சொல்லிட்டனம்மா" என்றார். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

சென்னியப்பன் பெட்டியைப் பூட்டி, சாவியை எடுத்து இடுப்பில் செருகினார்.

"சரி, புரிஞ்சுது. இனி வம்பே வேண்டாம். பெருசா ஒண்ணு வாங்கிப் போட்டர்றேன். எத்தனைன்னு மட்டும் சொல்லுங்க."

குழந்தைவேலு தமயந்தியைப் பார்த்தார். காலையில் அவர் கேட்டதும் இதைத்தான்.

"சாவி உங்க இடுப்புல இருந்தா அறுபதுங்க" என்றாள் தமயந்தி. "மாராத்தாக்கா கையில இருந்தா இந்த இருபதே போதும்."