வளர்க்கத் தெரியாத கம்பி

ஒரு விளையாட்டு மைதானத்தில் இரும்புக் கம்பி ஒன்று இருந்தது. இரண்டு தூண்களுக்கு நடுவே குறுக்காக நின்ற அதைப் பிடித்துத் தொங்கினால் உயரமாகலாம் என்று ஊரே நம்பியது. கம்பி மட்டும் நம்பவில்லை.

பர்வீன் தினமும் காலையில் வருவாள். எட்டாத கம்பியை எம்பிப் பிடித்து, உள்ளங்கை சிவக்கும்வரை தொங்குவாள். கூடைப்பந்து அணியில் எடுத்துக்கொண்டால் விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கும், படிப்பும் அங்கேயே. இல்லையென்றால் அடுத்த வருஷம் படிப்பே சந்தேகம்தான்.

“கொஞ்சம் இழுத்துவிடேன் கம்பி” என்று கெஞ்சுவாள்.

கம்பி வாயைத் திறக்காது.

அவள் போனதும் எதிரே உயரத்தில் இருந்த கூடைப்பந்து வளையம் எரிச்சல்படும். “ஏன்யா, உன்னால் ஆகாது என்று சொல்லித் தொலையேன்.”

“சொன்னால் அழுவாள்.”

“என்னிடம் வந்தாலும் அழத்தான் போகிறாள். எனக்கு நெட்டையானவர்கள் வேண்டும். அது என் தப்பா? என்னைக் கொண்டுவந்து மாட்டிய இடம் அப்படி.”

உடற்பயிற்சிக் கூடத்து வாசலில் கிடந்த பளுதூக்கும் தண்டு சிரித்தது. “எனக்கு நெட்டையானவர்களைக் கண்டாலே அலுப்பு. தரையிலிருந்து அவர்கள் தலைக்கு மேலே போய்ச் சேர்வதற்குள் எனக்கே மூச்சு வாங்கும். குட்டையானவர்கள் என்றால் சட்டென்று வேலை முடிந்துவிடும்.”

“உன்னை யார் கேட்டார்கள்?” என்றது வளையம்.

அணித் தேர்வு நாள் வந்தது. அளவுகோல் பர்வீனின் உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. “போன வருஷம் நின்ற இடத்திலேயே நிற்கிறாயே, பாப்பா.” அவளுடைய தோழி சங்கமித்ராவை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

பர்வீன் நேரே கம்பியிடம் வந்தாள். தூணுக்கு ஓர் உதை விட்டாள்.

“ஏமாத்திட்டே இல்ல?”



ஆத்திரம் தாங்காமல் எம்பிப் பிடித்தாள். இந்த முறை தொங்கவில்லை. உடம்பை வீசினாள். ஒரு காலை மடக்கிக் கம்பியில் கோத்து, ஒரு சுற்றுச் சுற்றி, மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு அழுதாள்.

ஆறுதல் சொல்ல ஓடிவந்த சங்கமித்ரா அண்ணாந்து பார்த்தாள். “எப்படிடி ஏறினே? இரு, நானும் வர்றேன்.” அவள் பிடித்து வீசியதும் இரண்டு காலும் மண்ணை வாரிக்கொண்டு போயின.

“ஏய் ஒட்டகம், காலை மடக்கு!” அழுகைக்கு நடுவே பர்வீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“மடக்கினாலும் முட்டி இடிக்குதுடி!”

கூடத்தில் ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லித்தரும் எஸ்தர் மிஸ் சத்தம் கேட்டு வெளியே வந்தார்.

“இன்னொரு தடவை சுத்து, பார்ப்போம்.”

பர்வீன் மூக்கைத் துடைத்துக்கொண்டு சுற்றினாள். முன்னால் ஒன்று. பின்னால் ஒன்று. கால் எங்கேயும் இடிக்கவில்லை; கையும் நழுவவில்லை.

“இத்தனை நாள் எங்கம்மா இருந்தே?”

“இங்கேதான் மிஸ். தொங்கிக்கிட்டு.”

மிஸ் சிரித்துவிட்டார். “விடுதியில என் பிரிவுக்கும் இடம் இருக்கு. ஒண்ணு உனக்குத்தான். நாளைக்கு அம்மாவைக் கூட்டிட்டு வா. ஆனா ஒண்ணு, திடுதிப்புன்னு நெடுநெடுன்னு வளர்ந்து நிக்காதே. அப்புறம் சுத்தறது கஷ்டம்.”

அவர் உள்ளே போனார். பர்வீனின் முகத்தில் புதிதாக ஒரு பயம் வந்தது. கம்பியில் கன்னத்தை ஒட்டிவைத்துக் கிசுகிசுத்தாள்.

“உண்மையைச் சொல்லு கம்பி. இவ்வளவு நாள் தொங்கியிருக்கேன். எல்லாம் சேர்த்துவெச்சு இப்போ வளர்ந்துடுவேனா?”

கம்பி முதன்முதலாக அவளிடம் வாயைத் திறந்தது.

“தாயி, நான் இதுவரைக்கும் ஒருத்தரையும் ஒரு நூலளவுகூட வளர்த்ததில்லை.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

“அப்பாடா!” என்று அவள் கம்பியை இறுகக் கட்டிக்கொண்டாள்.

இத்தனை நாளும் கம்பி அவளிடம் சொல்லப் பயந்துகொண்டிருந்த செய்தி அதுதான்.