சாணி வண்டின் பூர்வீகம்

மேமலை ஜமீன்தாருக்குக் கீழ்மலையின் மேய்ச்சல் புல் மேல் கண். கேட்டால் கிடைக்காது. ஒரு பண்டிதரைப் பிடித்தார்.

பண்டிதர் ஜமீன்தாரோடு கீழ்மலைக்குப் போய் ஊரைக் கூட்டினார். “ஆதியில் ஒரு பெரும் பனிக்காலம் வந்தது. இரண்டு மலைகளில் ஒன்றில் மட்டும்தான் சாணி வண்டு பிழைத்தது. பனி உருகியதும் அங்கிருந்து நாலைந்து வண்டுகள் அடுத்த மலைக்குக் குடிபோயின.”

“வண்டுக்கு எது பூர்வீகமோ, அந்த மலைக்காரருக்கே இரண்டு மலையும்! அம்மன் மேல் ஆணை,” என்ற ஜமீன்தார், வெள்ளிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே அத்தனை வண்டும் ஒரே கறுப்பு. “பார்த்தீர்களா, எங்கள் மலை வண்டு! கலப்பில்லாத பரம்பரை!”

எருமை மேய்க்கும் செவந்தி கூட்டத்தில் இருந்தாள். புல் போனால் எருமையும் போச்சு. ஓடிப்போய் ஒரு கூடைச் சாணியைக் கொண்டுவந்து அவர் காலடியில் கொட்டினாள். கறுப்பு, பச்சை, நீலம், செம்பு என்று வண்டுகள் நாலாபக்கமும் ஓடின. ஜமீன்தார் நாற்காலி மேல் ஏறிக்கொண்டார்.

“சாமி,” என்றாள் செவந்தி, “எங்க பெரிய வீட்டுல சப்பை மூக்கு, கிளி மூக்கு, புடைச்ச மூக்கு எல்லாம் உண்டு. கிளிமூக்குச் சித்தப்பா மட்டும் தனிக்குடித்தனம் போனாரு. அவர் பிள்ளைங்க அத்தனைக்கும் கிளி மூக்குதான். இதுல எது பூர்வீக வீடு?”

“பெரிய வீடுதான்,” என்று பண்டிதர் உளறிவிட்டார்.

“அப்போ எல்லா நிறமும் இருக்கிற எங்க மலைதான் பெரிய வீடு; உங்க கறுப்பு வண்டு எங்க சித்தப்பா!”

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. ஆணை ஆணைதானே. மறுநாள் அரண்மனைத் தோட்டத்தில் எருமைகள் மேய்ந்தன. ஜமீன்தார் சன்னலில் நின்று கத்தினார்.

“உங்களைக் காலி பண்ணச் சொல்லலை சாமி,” என்றாள் செவந்தி. “சாணி அள்ள மட்டும் பண்டிதரை அனுப்புங்க.”