முதலாளி வேஷம்

பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரிக் கம்பெனி. அங்கே அறுபது பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து கொட்டை உடைத்துப் பருப்பெடுத்தார்கள். முதலாளி ஒருநாள் மெஷின் வாங்கினார். அதை ஓட்ட வெளியூர் ஆட்கள் வருகிறார்கள், ஒண்ணாம் தேதியிலிருந்து நீங்கள் வரவேண்டாம் என்று மேஸ்திரியிடம் சொல்லியனுப்பினார்.

ஒருதரம் பேச வேண்டும் என்றார்கள் பெண்கள். திங்கட்கிழமை பத்து மணிக்கு வாருங்கள் என்றார் முதலாளி. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவர்கள் நிறைமதியைத் தேடி வந்துவிட்டார்கள்.

நிறைமதிக்கு முப்பத்துமூன்று வயது. நாளைக்குப் பேசப்போவதை இன்றைக்கே நடித்துப் பார்க்க வைப்பது அவள் வித்தை. அவளிடம் சீடராகச் சேர்ந்திருந்த கலியபெருமாளுக்கு ஐம்பத்தெட்டு. சர்க்கரை ஆலையில் முப்பது வருஷம் சங்கக் கொடி பிடித்தவர். மகள் வயசுப் பெண்ணிடம் பாடம் கேட்பதில் அவருக்கு வெட்கம் கிடையாது. தன் குரலைப் பற்றி மட்டும் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சமென்ன, நிறையவே உண்டு.

மகளிர் குழுக் கட்டடத்தில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் போட்டார்கள். முதலாளி வேஷம் எனக்குத்தான் என்று கலியபெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“என்னடி கூட்டம் இங்க? வேலைக்கு வந்த கழுதைங்களுக்குப் பேச்சு வேறயா? போங்க வெளியே!”

மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தார்.

பெண்கள் விடுவார்களா? பத்தொன்பது வருஷமாகக் கொட்டை உடைத்த அஞ்சலாட்சி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வார்த்தைக்கு வார்த்தை திருப்பிக் கொடுத்தாள். கட்டடமே அதிர்ந்தது. ஒரே கைதட்டல். கலியபெருமாளுக்குத் தலைகால் புரியவில்லை.

“எப்படி டீச்சர்?”

“பிரமாதம்ணே” என்ற நிறைமதி, பெண்கள் பக்கம் திரும்பினாள். “உங்க முதலாளி இப்படித்தான் கத்துவாரா?”

ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

“அவரு கத்தி நாங்க பார்த்ததே இல்ல டீச்சர்” என்றாள் அஞ்சலாட்சி. “ரொம்பத் தன்மையான மனுஷன்.”

நிறைமதி போய் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தாள். “அண்ணே, இப்ப நீங்கதான் அஞ்சலாட்சி. உள்ள வாங்க.”

கலியபெருமாள் மாரை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

“வாம்மா அஞ்சலாட்சி! ஏன் நிக்கிற, உக்காரு. யாருப்பா அங்க, டீ கொண்டா. பொண்ணுக்கு வளைகாப்புன்னாங்களே, நல்லபடியா நடந்துச்சா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நீங்கல்லாம் என் குடும்பம். மெஷின் வாங்கணும்னு எனக்கு மட்டும் ஆசையா? எல்லாக் கம்பெனியிலயும் வந்துடுச்சு, நான் என்னம்மா பண்ணுவேன்? உங்களை அப்படியே விட்டுடுவேனா? பார்த்துச் செய்யறேன், போய்ட்டு வா.”

“சரிங்கய்யா” என்றார் கலியபெருமாள்.

கும்பிட்ட கையோடு கதவு வரைக்கும் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். முப்பது வருஷம் கோஷம் போட்ட வாய்! சிரித்துக்கொண்டிருந்த பெண்களும் சிரிப்பை நிறுத்தினார்கள். அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது.

“கத்துறவனை எதிர்த்துக் கத்தலாம் டீச்சர். இனிக்க இனிக்கப் பேசுறவனை என்ன பண்றது?”

நிறைமதி எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டாள்.

“நீங்களும் இனிக்கப் பேசுங்க. அஞ்சலாட்சி அக்கா, நீங்க வாங்க.”

முதல் தடவை அஞ்சலாட்சிக்கு உட்காரவே வரவில்லை. அந்தக் கம்பெனியில் முதலாளி எதிரே யாரும் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. இரண்டாம் தடவை நுனியில் உட்கார்ந்தாள், டீ வந்ததும் எழுந்துவிட்டாள். மூன்றாம் தடவை டீயைக் குடித்த நன்றியில் கேட்க வந்ததையே மறந்துபோனாள்.

“அந்த டீயைக் குடிக்காம இருந்தா என்ன?” என்று எரிச்சல்பட்டாள் ஒருத்தி.

“குடிக்கட்டும். குடிச்சிட்டும் கேக்கணும்” என்றாள் நிறைமதி.

கலியபெருமாள் ஈவு இரக்கம் பார்க்கவில்லை. மகன் படிப்பை விசாரித்தார், குலதெய்வத்தை இழுத்தார், தன் முதுகுவலியைக்கூடச் சொல்லிப் புலம்பினார். மத்தியானச் சோறு ஆறிப்போனது. எட்டாம் தடவை அஞ்சலாட்சி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். டீயைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்தாள்.

“வளைகாப்பு நல்லபடியா நடந்துச்சுங்கய்யா. குடும்பம்னு சொன்னீங்க. அப்ப மெஷினை எங்களுக்கே கத்துக்குடுங்க.”

“பார்த்துச் செய்யறேம்மா.”

“எந்தத் தேதியில பார்ப்பீங்க?”

“வெளியாளுங்களுக்கு வாக்கு குடுத்துட்டேனே.”

“முழுப் பருப்புக்குத்தானேய்யா விலை? கொட்டையோட பதம் தெரியாதவன் மெஷின்ல போட்டா மூட்டை மூட்டையா துண்டுப் பருப்புதான் வரும். பதம் எங்களுக்குத் தெரியும்.”

கலியபெருமாள் வாயைத் திறந்தார். தேடித் தேடிப் பார்த்தார், ஒரு வார்த்தை அகப்படவில்லை. முதலாளி தோற்றுப்போனார். தோற்ற மனுஷருக்கு அப்படியொரு பெருமை! கொடி பிடித்த காலத்தில் ஜெயித்தபோதுகூட அவருக்கு இப்படி மனசு நிறைந்ததில்லை.

மறுநாள் அஞ்சலாட்சியோடு நாலு பேர் உள்ளே போனார்கள். மற்றவர்கள் கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்றார்கள். குருவும் சீடரும் எதிரே டீக்கடையில் காத்திருந்தார்கள். கலியபெருமாளுக்கு டீ இறங்கவில்லை.

பதினொன்றரைக்கு அஞ்சலாட்சி வந்தாள்.

“வெளியாள் கிடையாதுண்ணே. எங்கள்ல முப்பது பேருக்கு மெஷின் வேலை. ஒண்ணாம் தேதி கத்துக்குடுக்க ஆரம்பிக்கறாங்க, எழுதி வாங்கிட்டோம். மீதி முப்பது பேரைப் பத்தி அடுத்த மாசம் பேசலாம்னுட்டாரு.”

“ரொம்பப் படுத்தினாரா?”

“நேத்து நீங்க படுத்தினதுல பாதிகூட இல்ல.”

இதைவிடப் பெரிய பட்டம் கலியபெருமாளுக்கு யாரும் கொடுத்ததில்லை. ஆனாலும் அந்த மீதி முப்பது பேர் அவர் மனசை உறுத்தினார்கள். நிறைமதியிடம் மெல்லக் கேட்டார்.

“டீச்சர், நீங்களே உள்ள போயிருந்தா அறுபது பேருக்கும் வாங்கியிருப்பீங்கல்ல?”

நிறைமதி கம்பெனி கேட்டுப் பக்கம் கை காட்டினாள். அங்கே பெண்கள் மல்லுக்கு நின்றார்கள். அடுத்த மாசம் நான்தான் உள்ளே போவேன் என்றாள் ஒருத்தி. நேற்று மூலையில் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் இன்னொருத்தி. அவள் முதலில் பேசியவளைத் தள்ளிவிட்டு, என்னைவிடவா நீ பேசிவிடுவாய் என்றாள்.

“நான் போயிருந்தா இந்தச் சண்டை நடந்திருக்குமாண்ணே?” என்றாள் நிறைமதி.